அலமாரிக்குப் பின்னால் ஜன்னல்

ஜூன் 15

வந்துவிட்டது! வாசலில் நிற்கிறது. இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு. இரண்டே சக்கரம். கோவையில் ஒருவர் தனக்காக ஆசை ஆசையாகக் கட்டி, அதில் ஒரு ஊருக்கும் போகாமல் என்னிடம் விற்றுவிட்டு மகனோடு வெளிநாட்டில் தங்கப் போகிறார். அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, எனக்கு வைத்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கட்டில், ஒரு கதவு, பின்சுவர் முழுக்க அகலமான ஜன்னல். மற்றபடி வெறும் கூடு. சாமான் வைக்க ஒரு பலகைகூடக் கிடையாது. நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்? அத்தனை அலமாரியையும் நானேதான் அடிக்கப் போகிறேன்.

வசந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கட்டிலில் படுத்துப் பார்த்தாள். பின் ஜன்னலைத் திறந்து, கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு எதிரே இருக்கிற சோளக்காட்டைப் பார்த்தபடி கிடந்தாள். நான் அளவு சொல்லிக்கொண்டே இருக்கிறேன், பதில் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால் கண் திறந்திருக்கிறது. அடுப்பில் வைத்த பால் தீய்ந்த வாசனை வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் இறங்கி ஓடினாள். இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்து பால் பொங்கி வீணானதை நான் பார்த்ததில்லை. வண்டி வந்த சந்தோஷம் அவளுக்கும்தான்.

ஜூன் 17

திட்டம் முடிவாகிவிட்டது. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி பிறந்ததும் கிளம்புகிறோம். உடுமலையிலிருந்து பழனி, மதுரை, தூத்துக்குடி. அங்கிருந்து கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கே முடியும் என்று தெரியாது. ஒரிசா வரைக்கும் போனாலும் போவோம்.

இதில் ஒரே சிக்கல் என் வயிறு. வெளிச்சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊருக்கே தெரியும். மில்லில் இருந்தவரைக்கும் கேண்டீன் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை, வசந்தாமணி கட்டிக்கொடுத்த தூக்குப்போசிச் சாப்பாடுதான். ஆகவே இந்த வண்டியில் முதலில் அமைய வேண்டியது சமையலறை. மளிகைச் சாமான், பாத்திரம், சின்ன கிரைண்டர், அஞ்சறைப்பெட்டி, எல்லாவற்றுக்கும் இடம். பின்சுவரோடு அமைத்தால் அம்சமாக இருக்கும்.

எதை எங்கே வைக்கலாம் என்று அவளைக் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தோணுதோ வைங்க" என்றாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜூன் 20

முதல் பலகை ஏறியது. முதல் ஓட்டையும் விழுந்தது.

இதன் சுவர் வீட்டுச் சுவர் மாதிரி இல்லை. உள்ளே மெல்லிசான பலகை, வெளியே அலுமினியத் தகடு, நடுவில் அங்கங்கே சட்டம். சட்டத்தில் ஏறினால்தான் ஸ்க்ரூ பிடிக்கும். தட்டித் தட்டிப் பார்த்து, 'டொக்' என்று கெட்டியாகக் கேட்ட இடத்தில் டிரில் போட்டேன். ஸ்க்ரூவும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெளியே வந்து பார்த்தால் தகட்டைப் பொத்துக்கொண்டு ஸ்க்ரூவின் மூக்கு எட்டிப் பார்க்கிறது.

வசந்தாமணி துணி காயப்போட வந்தவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துண்டு காயப்போட வசதியாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 21

மழை. ஓட்டை ஒழுகுகிறது. பசை வாங்கி அடைத்தாயிற்று.

ஜூன் 26

இன்று நடந்ததை மில்லில் யாராவது கேள்விப்பட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

மூன்று நாளாக அடித்த பக்கவாட்டு அலமாரி. ரசமட்டம் வைத்து வைத்துப் பார்த்து, குமிழி நட்டநடுவில் நின்ற பிறகுதான் ஒவ்வொரு பலகையையும் முடுக்கினேன். இன்று ஜீப்பில் மாட்டிப் பார்க்கலாமென்று வண்டியின் மூக்கைத் தூக்கி மாட்டினேன். உள்ளே போனால் அத்தனை பலகையும் பின்பக்கமாகச் சரிந்து நிற்கின்றன. பெயிண்ட் டப்பா உருண்டு என் காலடிக்கு வந்தது.

விஷயம் இதுதான். வண்டி இத்தனை நாளும் மூக்கைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றிருக்கிறது. குனிந்து நிற்கிற வண்டிக்குள் ரசமட்டம் வைத்தால் அது பூமிக்கு மட்டம் சொல்லும், வண்டிக்குச் சொல்லாது. வீடு நகராது என்கிற நினைப்பிலேயே வேலை செய்திருக்கிறேன். அத்தனையையும் கழற்றி, இனி ரசமட்டத்தைத் தொடுவதில்லை, வண்டித் தரையிலிருந்து டேப் வைத்து அளப்பது என்று மறுபடி ஆரம்பித்தேன். கோபமே வரவில்லை. விசில் அடித்துக்கொண்டேதான் கழற்றினேன்.

ஜூலை 2

மரக்கடை ரபீக் வந்து பார்த்தான். பலகை எல்லாம் அவன் கடையில்தான் வாங்குகிறேன். கனமான பலகை வேண்டாம், மெல்லிசு போட்டு அடியில் அலுமினிய ஆங்கிள் கொடுத்தால் போதும் என்றான். சரியான யோசனை. ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு அடித்திருக்கிறேன், வண்டி குலுங்கினாலும் டப்பா குதிக்காது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல குடும்பமே நடத்தலாங்ணா" என்றான்.

சாயங்காலம் வசந்தாமணியை உள்ளே நிற்க வைத்து அளவெடுத்தேன். அடுப்பு மேடை அவள் இடுப்புக்குச் சரியாக வர வேண்டும், குனிந்தால் முதுகு வலிக்கும். தையற்காரன் முன்னால் நிற்பதுபோல் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கச் சொன்னேன், மேல் தட்டு எட்டுகிறதா என்று பார்க்க. எட்டியது. ஒரு பெண்டாட்டிக்கு உடம்பளவெடுத்துச் சமையலறை கட்டித் தந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஜூலை 9

முடிந்தது! முடிந்தது! முடிந்தது!

பின்சுவர் முழுக்க ஒரே அலமாரி. மல்லி, மிளகாய், சீரகம், கடுகு, பருப்பு வகை, புளி, வெல்லம், காப்பித்தூள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை. டப்பாவை அளந்து அறை செய்திருக்கிறேன், உள்ளே விட்டால் 'சக்' என்று உட்காருகிறது. அடியில் மேடை. மேடைக்கு ஒரு புறம் சிலிண்டர், மறுபுறம் கிரைண்டர். ஜன்னல் இருந்த இடம் வீணாகக் கிடந்தது, அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு இடம் கிடைத்தது.

அவள் கண்ணை மூடி அழைத்துப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு டப்பாவை எடுத்து, திரும்ப அதன் அறையிலேயே வைத்தாள். நல்லா இருக்கு என்றாள். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "உக்கார எங்கீங்க எடம்?" என்று கேட்டாள். கட்டில் இருக்கிறதே என்றேன். தலையாட்டினாள்.

ஜூலை 10

விளிம்புக்கு வார்னிஷ். இரண்டு கோட்டு. பளபளக்கிறது.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது, காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. பயணம்தானே தொடங்கக் கூடாது, ஒத்திகைக்கு என்ன? முழு லோடு ஏற்றினோம். அரிசி மூட்டை, பாத்திரம், சிலிண்டர், கிரைண்டர், தண்ணீர் கேன். வசந்தாமணி பக்கத்து சீட்டில். தாராபுரம் ரோட்டில் விட்டேன்.

காற்றாலைகள் நிற்கிற பொட்டல் வெளி வந்ததும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். பின்னால் யாரோ வண்டியைப் பிடித்து இழுத்து விளையாடுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் என் வீடு வாலை ஆட்டுகிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிசு. ஜீப்பையும் சேர்த்து ஆட்டியது. எதிரே லாரி. பிரேக்கில் கால் போய்விட்டது, என்ன புண்ணியமோ, மிதிக்கவில்லை. "காலை எடுத்துருங்க, தானா நிக்கட்டும்" என்றாள் வசந்தாமணி, சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரலில். காலை எடுத்தேன். ஆட்டம் மெல்ல அடங்கியது. லாரிக்காரர் எங்களைத் தாண்டும்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு டப்பாகூட இடம் மாறவில்லை! விளிம்பு வேலை செய்கிறது!

ஜூலை 21

காரணம் பிடிபட்டது. சக்கரத்துக்குப் பின்னால் கனம் ஏறினால் மூக்கு லேசாகிவிடும், மூக்கு லேசானால் வால் ஆடும். சமையலறை முழுக்கப் பின்னால் இருக்கிறது. எளிய காரியம், தண்ணீர் கேனையும் சிலிண்டரையும் அரிசியையும் முன்னால் கொண்டுவந்து கட்டினேன். மறுபடி அதே ரோடு, அதே காற்று. கல் மாதிரி வருகிறது. அலமாரியில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்று நான் மனசுக்குள் எனக்கே ஒரு சால்வை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 26

வண்டி பார்க்க ஒரம்பரை வந்திருந்தார்கள். என் தங்கை குடும்பம், அவள் நாத்தனார் குடும்பம், குழந்தைகள். வந்தவர்களுக்கு வசந்தாமணி காலையிலிருந்து சமையல். கடைசிப் பந்தி முடிந்து அவள் சாப்பிட உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான் ஒவ்வொருவராக வண்டிக்குள் அழைத்துப்போய் அலமாரியைக் காட்டினேன்.

என் தங்கை அசந்துபோய்விட்டாள். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க. போற எடத்துக்கெல்லாம் சமையல்கட்டும் கூடவே வருது" என்றாள். வசந்தாமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோபோல் இருந்தது. களைப்பாக இருக்கும்.

ஜூலை 27

வரவில்லையாம்.

காலையில் காப்பி கொடுக்கும்போது சொன்னாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் வரலீங்க." ஏன் என்றேன். முட்டி வலி என்றாள். நேற்று பூராவும் நின்றுகொண்டே இருந்த முட்டி.

ஜூலை 30

அன்றைக்கு வண்டி ஆடியதில் பயந்திருப்பாள் என்று நினைத்து, மறுபடி அழைத்துப்போய் ஓட்டிக் காட்டினேன். பயமெல்லாம் இல்லை என்றாள். பெங்களூரில் இருக்கிற மகள் நித்திலாவுக்கு போன் போட்டு, அம்மாவிடம் பேசு என்றேன். பேசினாள். அப்புறம் என்னிடம், அம்மாவை விட்டுவிடுங்கள் அப்பா, அம்மாவுக்கு ரெஸ்ட் வேண்டும் என்றாள். ரெஸ்ட்டுக்குத்தானே கூப்பிடுகிறேன்!

அவள் வராவிட்டால் இந்த வண்டி எனக்கு எதற்கு? தனியாகக் கடலைப் பார்த்து நான் என்ன செய்ய? இதை அவளிடம் சொல்லவில்லை. மேல் தட்டுக்கு இன்னும் ஒரு கொக்கி போட்டேன், அவளுக்கு எட்டுகிற மாதிரி.

ஆகஸ்ட் 6

அமராவதி அணை. தனியாக வந்திருக்கிறேன். ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பது என்று வீம்புக்குக் கிளம்பினேன். ரபீக்கின் மச்சான் தோப்பு அணையை ஒட்டி இருக்கிறது. வண்டியைப் பின்பக்கமாகவே உருட்டி, தண்ணீருக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். பூரிப்பாக இருந்தது. ஆனைமலை மேலே மேகம், கீழே தண்ணீர், கரையில் நாரைகள். வசந்தாமணி இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேதான் சமைக்க உள்ளே போனேன்.

ரசம் வைக்கலாமென்று இறங்கினேன். அவள் அளவுக்குக் கட்டிய மேடை, எனக்குக் குனிய வேண்டியிருக்கிறது. புளியைக் கரைத்து, பருப்பை வேகவைத்து, தாளித்து, சோறு வடித்து நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் நேரே பார்த்தேன். என் முகத்துக்கு முன்னால் பெருங்காய டப்பா. அதற்குப் பக்கத்தில் கடுகு டப்பா. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றைத்தான். வெளியே என்ன நடக்கிறதென்றே தெரியாது. கதவைத் திறந்து வெளியே வந்தால் வெயில் போய்விட்டது, நாரைகளும் போய்விட்டன.

அணைக்கு வந்திருக்கிறேன் என்பதே ரசம் கொதித்து முடியும்வரை எனக்கு மறந்திருந்தது. உடுமலையில், எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றதுபோலவே இருந்தது.

சாப்பிடப் பிடிக்கவில்லை. கட்டிலில் போய்ப் படுத்தேன். அவள் முதல் நாள் படுத்த மாதிரியே தலைக்குக் கையைக் கொடுத்துக்கொண்டு. பக்கத்தில் ஜன்னல் இருந்த இடத்தில் துவரம் பருப்பு.

ஒன்றரை மாதமாக நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன்!

ஆகஸ்ட் 7

விடிந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அணைக்கரையிலேயே அலமாரியைக் கழற்ற ஆரம்பித்தேன். மாட்டும்போது பெருமைக்காக நெருக்க நெருக்கமாக முடுக்கிய ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கழன்று வர மறுத்தது. வார்னிஷ் கோட்டு வேறு. பாதியில் தோப்புக்காரர் வந்து, நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டார். உங்கள் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

கடைசிப் பலகை வந்ததும் வெளிச்சம் உள்ளே கொட்டியது. நாரைகள் திரும்ப வந்திருந்தன. நான் கத்தியே விட்டேன். ஊருக்கு வரும் வழியெல்லாம் பாட்டு.

ஆகஸ்ட் 8

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சுவரில் ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கின்றன, பட்டி வைத்து அடைக்கலாமா வேண்டாமா, வந்து சொல் என்று கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஏறியவள் நின்றுவிட்டாள்.

மேடை இல்லை. கிரைண்டர் இல்லை. ஜன்னல் இருந்தது. ஜன்னல் முழுக்கச் சோளக்காடு இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"கடையில."

"உங்க வயிறு?"

"அது என்கூடத்தான் வருது அம்மணி. நான் பாத்துக்கறேன்."

காட்டைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இங்க நின்னு கெளறுறதுக்கும் அங்க நின்னு கெளறுறதுக்கும் என்னங்க வித்தியாசம்? சக்கரம் இருக்குது, அவ்வளவுதானுங்களே."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள், எப்படிச் சொல்வது என்றாள். ஸ்க்ரூ ஓட்டையைத் தடவிப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"பட்டி வேண்டாங்க. இருக்கட்டும்" என்றாள்.

அப்புறம் காலை நீட்டிப் படுத்தாள். முட்டி வலியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12

மறுபடி அலமாரி வேலை! இந்தத் தடவை அவள் சொல்ல, நான் அடிக்கிறேன். சமையலறைப் பலகையை அறுத்து, சக்கரத்துக்கு முன்னால் துணிமணிக்கு இரண்டு தட்டு. கதவோரம் டீ போட மட்டும் ஒற்றை அடுப்பு, அதுவும் என் இடுப்பு உயரத்துக்கு. அது அவள் உத்தரவு. மேடை இருந்த இடத்தில் ஜன்னலைப் பார்த்து ஓர் இருக்கை.

ஜன்னலுக்கு அடியில் ஒற்றைப் பலகை, நல்ல விளிம்பு வைத்து. இதில் என்ன வைக்கப் போகிறாய் என்றேன். ஒன்றும் வேண்டாம், காலியாக இருக்கட்டும், முழங்கை வைத்துக்கொள்ள என்றாள். வார்னிஷ் மூன்று கோட்டு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 21

கிளம்பிவிட்டோம். விடியலில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். ரபீக் வந்து கையாட்டினான். அஞ்சறைப்பெட்டி வீட்டில் இருக்கிறது. என் வயிற்று மருந்து பாட்டில் என் சட்டைப் பையில் இருக்கிறது, நானே எடுத்து வைத்தது. பழனி மலையைத் தாண்டும்போது வசந்தாமணி கும்பிட்டுவிட்டு, முருகனுக்கும் தினமும் யாரோ சமைத்துத்தான் வைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 22

மதுரைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு மெஸ். தகரக் கொட்டகை, பெஞ்சு, வாழை இலை. நான் பயந்து பயந்து உட்கார்ந்தேன். பரிமாறிய பெண் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், சுண்டைக்காய் வற்றல் வைத்தாள். வசந்தாமணி தலை குனிந்து சாப்பிட்டாள். வீட்டில் அவள் சாப்பிடும்போது ஒரு கண் எப்போதும் என் இலையில்தான் இருக்கும், என்ன தீர்ந்தது, என்ன வேண்டும் என்று. இன்றைக்கு அந்தக் கண்ணைக் காணோம்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். வாழ்க்கை முழுக்க அவள் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. முகமெல்லாம் விரிந்து, "வைங்க கண்ணு" என்றாள்.

ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று வாங்கிச் சாப்பிட்டாள். இலையை மடக்கினாள். எழுந்து போய்க் கை கழுவினாள். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேரே ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அடித்தாள்.

என் இலையில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.